எண்ணெய்க் கம்பனி நெருக்கினால் செட் முகவருக்கு எந்த வழி: தண்டம், நட்டஈடு, நடுத்தீர்ப்பு ஓர் ஒப்பீடு

ஹட்டனிலோ வெலிமடையிலோ பெற்றோல் செட் நடத்தும் முகவருக்கும் எண்ணெய் தரும் நிறுவனத்துக்கும் பிணக்கு முற்றும்போது ஒரு பேச்சு தவறாமல் வரும்: "வெளிநாட்டில் இப்படிச் செய்தால் கம்பனிக்குத் தண்டம் அடிப்பார்கள், இங்கே கேட்க ஆளில்லை." பாதி சரி. முகவரை நெருக்கும் எண்ணெய் நிறுவனத்தைத் தண்டிப்பதற்கென்று இலங்கையில் தனிச்சட்டம் கிடையாது. மற்றப் பாதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். தண்டம் என்பது அரசின் கருவூலத்துக்குப் போகும் பணம். கம்பனிக்கு ஒரு கோடி தண்டம் விழுந்தாலும் உங்கள் தாங்கியில் குறைந்த 100 லீற்றர் திரும்பி வராது. முகவருக்கு வேண்டியது இரண்டு: செட்டை மூடவிடாமல் பிடித்து நிறுத்தும் கட்டாணை, போன பணத்தைத் திருப்பித் தரும் நட்டஈடு. கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டையும் வைத்தே அளந்திருக்கிறோம்.

அளவுகோலுக்கு அமெரிக்கச் சட்டம்

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் அமெரிக்காவின் 1978 ஆம் ஆண்டுப் பெற்றோலிய விற்பனை நடைமுறைகள் சட்டத்தை எடுக்கலாம். அதன்படி, சட்டத்தில் எழுதப்பட்ட காரணம் இல்லாமல் முகவரின் உடன்படிக்கையை முறிக்கவோ புதுப்பிக்க மறுக்கவோ முடியாது. சாதாரணமாக 90 நாள் எழுத்து அறிவித்தல் கொடுக்க வேண்டும். நிறுவனம் அந்தப் பிரதேசத்தை விட்டே விலகுவதாக இருந்தால் 180 நாள். முகவர் ஓர் ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். காரணம் சரியானதென்று நிரூபிக்கும் பாரம் நிறுவனத்தின் தலையில். இடைக்காலத் தடைக்கான படியும் வழக்கமானதை விடத் தாழ்வு: விசாரிக்கத் தகுந்த கேள்வி இருக்கிறது, தடை கொடுக்காவிட்டால் முகவர் படும் கஷ்டம் பெரிது என்று காட்டினால் போதும். நிறுவனம் வேண்டுமென்றே சட்டத்தை மிதித்திருந்தால் உண்மை நட்டத்துக்கு மேல் தண்டனை நட்டஈடும், சட்டத்தரணிக் கட்டணமும் முகவருக்கே. கவனியுங்கள், அந்தச் சட்டத்தின் பல்லும் முகவரின் கையில் சேரும் பணத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சட்டத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு. 2010 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷெல் முகவர்களின் வழக்கொன்றில் சொன்னது இது: வாடகையை ஏற்றி நெருக்கினாலும், முகவர் தொடர்ந்து செட்டை நடத்திக்கொண்டிருந்தால் "மறைமுகமாக என் உடன்படிக்கையை முறித்துவிட்டார்கள்" என்று அந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது. புதுப்பித்த உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தவரும் "புதுப்பிக்க மறுத்தார்கள்" என்று சொல்ல முடியாது. ஆக, அங்கேயும் சட்டம் முறிவைத்தான் பிடிக்கிறது. மெல்ல மெல்ல இறுக்குவதை அது பிடிப்பதில்லை.

மலையகத்தில் முகவரைத் தின்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைதான். ஆகவே வழிகளை ஒப்பிடுமுன் நட்டம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

குளிர் தின்னும் லீற்றர்

கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கொலன்னாவைக் களஞ்சியத்தில் பெற்றோல் 30 பாகைச் செல்சியஸில் பவுசருக்கு ஏறுகிறது என்று வைப்போம். நுவரெலியாவில் நிலத்தடித் தாங்கியின் வெப்பநிலை 17 பாகை. வித்தியாசம் 13. பெற்றோல் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.0012 பங்கு சுருங்கும், டீசல் 0.00084 பங்கு. 6,600 லீற்றர் பெற்றோலில் 6,600 × 13 × 0.0012, அதாவது 103 லீற்றர் காணாமற் போகும். டீசலில் 72 லீற்றர். இதில் திருட்டு எதுவும் இல்லை, இயற்பியல்தான். ஆனால் விலைப்பட்டியலில் 6,600 லீற்றருக்கும் பணம் கட்டியாகிவிட்டது. கணக்கு வசதிக்கு லீற்றர் 300 ரூபா, கொமிஷன் 3% என்று பிடித்தால் ஒரு பவுசருக்குக் கொமிஷன் 59,400 ரூபா. அதில் 30,900 ரூபா குளிரோடு போகிறது. நீர்கொழும்பு முகவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஒரே உடன்படிக்கை, ஒரே வீதம், ஆனால் மலைக்காரருக்குப் பாதி வருமானம்.

அதே எண்ணெய் கொட்டகலை, அப்புத்தளை போன்ற மலைக் களஞ்சியத்தில் தங்கி 20 பாகைக்கு இறங்கிய பிறகு பவுசருக்கு ஏறினால் வித்தியாசம் 3 பாகை, குறைவு 24 லீற்றர். ஆகவே "எந்தக் களஞ்சியத்திலிருந்து ஏற்றுவீர்கள், எந்த வெப்பநிலையில் அளவைப் பிடிப்பீர்கள்" என்ற இரண்டு வரி உடன்படிக்கையில் இருப்பது கொமிஷன் வீதத்தைப் பற்றிய வாக்குவாதத்தை விடப் பெறுமதியானது. எண்ணெய் வர்த்தகத்தில் 15 பாகைக்குத் திருத்திய அளவைப் பயன்படுத்துவது உலக வழக்கம்தான். புதிதாக எதையும் நீங்கள் கேட்கவில்லை.

இன்னொரு நட்டம் விலை மாறும் இரவு. மாதாந்த விலைத் திருத்தம் பெரும்பாலும் மாத முடிவில் நள்ளிரவோடு அமுலாகிறது. விலை 15 ரூபா குறைந்தால், தாங்கியில் 20,000 லீற்றர் இருக்கும் முகவருக்கு ஒரே இரவில் 3 இலட்சம் ரூபா போய்விடும். குறையப்போகிறது என்ற பேச்சு அடிபடும் நாட்களில் கேட்காமலே நிறுவனம் பவுசரை அனுப்பித் தலையில் கட்டுவதும், ஏறப்போகிறது என்றால் கட்டிய பணத்துக்குக் கூடப் பவுசர் வராமல் இழுபடுவதும்தான் முகவர்கள் சொல்லும் முதல் முறைப்பாடு. மலைக்கு இது இன்னும் கூர்மையானது. கினிகத்தேனைப் பக்கம் மண்சரிவு என்று ஒரு சாக்கு எப்போதும் கைவசம் இருக்கும். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தை யார் நிரூபிப்பது என்பதில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும்.

சாட்சி இல்லாமல் எந்த வழியும் இல்லை

பவுசர் வந்ததும் முதல் வேலை அதைச் சமதரையில் நிறுத்துவது. மலைச் செட்டுகளின் முற்றம் பெரும்பாலும் சரிவு. எண்ணெயின் ஆழத்தைக் கோல் விட்டு அளப்பதுதான் டிப். அந்தக் கோலை விடும் துளை பவுசர் அறையின் நடுவிலிருந்து 30 சென்றிமீற்றர் தள்ளி இருந்து, தரை 2% சரிந்தால் டிப் கோல் 6 மில்லிமீற்றர் பொய் சொல்லும். அறையின் பரப்பு 4 சதுர மீற்றர் என்றால் மில்லிமீற்றருக்கு 4 லீற்றர், மொத்தம் 24 லீற்றர் பிழை. அது உங்களுக்குச் சாதகமாகவும் வரலாம், பாதகமாகவும் வரலாம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது இந்தச் சரிவைத்தான். ஆகவே இறக்கும் இடத்தை ஒருமுறை கொங்கிறீற் போட்டு மட்டப்படுத்திவிடுங்கள். பிறகு எத்தனை பதிவு எழுதினாலும் இந்த ஒரு வேலைக்கு ஈடாகாது.

பிறகு முத்திரை இலக்கங்களை விலைப்பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் இறக்கவே கூடாது. பத்து நிமிடம் தளம்பல் அடங்க விட்டு ஒவ்வோர் அறைக்கும் டிப், வெப்பமானியில் பாகை, அடர்த்திமானியில் அடர்த்தி, டிப் கோலின் நுனியில் தண்ணீர் காட்டும் பசை. ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒரு லீற்றர் மாதிரி எடுத்துச் சாரதியும் நீங்களும் கையெழுத்திட்ட சீட்டோடு முத்திரையிடுங்கள். நிலத்தடித் தாங்கிக்கு இறக்குமுன் ஒரு டிப், இறக்கிய பின் ஒரு டிப், மறுநாள் காலை விற்பனை தொடங்குமுன் இன்னொரு டிப். இந்த மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதை நெடுக எண்ணெய் கொஞ்சம்தான் குளிரும். மிச்சச் சுருக்கம் தாங்கிக்குள் ஓரிரு நாளில் நடக்கும். காலை டிப்பும் பாகையும் இல்லாவிட்டால் "உங்கள் தாங்கி கசிகிறது, பம்பு கூட ஊற்றுகிறது" என்ற பதிலுக்கு உங்களிடம் மறுப்பு இருக்காது. பம்பு கூட ஊற்றவில்லை என்று காட்ட, முத்திரையிட்ட 5 லீற்றர் அளவுக் கலத்தில் வாரம் ஒருமுறை சோதித்து எழுதி வையுங்கள். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் சான்றிதழையும் அதே கோவையில் வையுங்கள்.

குறைவு தெரிந்தால் விலைப்பட்டியலின் இரு பிரதியிலும் "அளவு குறைவு, ஆட்சேபத்துடன் ஏற்கப்பட்டது" என்று எழுதிய பிறகே கையெழுத்து. வெறும் கையெழுத்து வைத்துவிட்டு மாலையில் தொலைபேசியில் சண்டை பிடிப்பது பயனற்றது. வட்ஸ்அப் செய்தியும் மின்னஞ்சலும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் சாட்சியாக ஏற்கப்படலாம். கைபேசியை மாற்றும்போது அவற்றை அழித்துவிடாதீர்கள்.

முதல் வழி: கடிதம், தகவல் கோரிக்கை

செலவு குறைந்தது, எல்லா வழிக்கும் அடித்தளம். கடிதத்தில் கோபம் வேண்டாம், மூன்று விடயம் போதும்: உடன்படிக்கையின் எந்த வாசகம் மீறப்பட்டது, எத்தனை லீற்றர் அல்லது எத்தனை ரூபா, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை ஒட்டி வையுங்கள். வழங்குநர் அரச கூட்டுத்தாபனம் என்றால், அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. உடன்படிக்கை வேறு மொழியில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட உடன்படிக்கையை ஒருமுறையும் முழுதாக வாசிக்காத முகவர்கள் மலையகத்தில் குறைவில்லை.

அரச வழங்குநரிடம் இன்னொரு கருவியும் வேலை செய்யும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "இந்தத் திகதியில் எங்கள் கட்டளைக்கான பவுசர் எப்போது ஏற்றப்பட்டது, எந்தப் பாகையில், அதே நாளில் இந்த மாவட்டத்தில் எந்தெந்த நிலையத்துக்கு எத்தனை லீற்றர் போனது" என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. பாதை மூடியிருந்தது என்ற சாக்கு, அதே பாதையில் அடுத்த செட்டுக்குப் பவுசர் போன பதிவு வெளிவந்ததும் கரைந்துவிடும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். "எல்லா ஆவணமும் தாருங்கள்" என்றால் எதுவும் வராது.

சங்கமாகச் சேர்ந்து அழுத்தம் கொடுப்பது விரைவானது, ஆனால் எல்லாருக்கும் பொதுவான பிரச்சினைக்கு மட்டும்தான் பொருந்தும். 2025 பெப்ரவரி இறுதியில் 3% கொமிஷன் முறையை மாற்றும் தீர்மானத்துக்கு எதிராக விநியோகத்தர்கள் கட்டளையிடுவதை நிறுத்தியதும் நாடெங்கும் வரிசை நீண்டது, பேச்சுவார்த்தையும் உடனே தொடங்கியது. ஆனால் உங்கள் உடன்படிக்கையில் குறைந்தபட்ச மாதக் கொள்வனவு என்றொரு வாசகம் இருந்தால், அந்த நிறுத்தமே உங்களுக்கெதிரான காரணமாகத் திரும்பலாம். முதலில் அதை வாசியுங்கள்.

இரண்டாவது: நடுத்தீர்ப்பு

நிறுவனங்கள் அச்சடித்துத் தரும் உடன்படிக்கைகளில் நடுத்தீர்ப்பு வாசகம், அதாவது பிணக்கை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் விடும் வாசகம், இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது இருந்தால், 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவுப்படி, மற்றத் தரப்பு ஆட்சேபித்தவுடன் நீதிமன்றத்துக்கு அந்த வழக்கை விசாரிக்க நியாயாதிக்கம் இல்லாமற் போகும். இதைக் கவனிக்காமல் நேரே மாவட்ட நீதிமன்றம் போய், ஓர் ஆண்டு கழித்து ஆட்சேபத்தில் தோற்றுத் திரும்புவது வீண் செலவு.

இதன் பலம் எண்கள் பேசும் இடத்தில். வெப்பநிலைச் சுருக்கம், டிப் அட்டவணை, விலை மாறிய இரவின் கையிருப்பு போன்றவற்றைப் புரிந்துகொள்ளும் ஒருவரை நடுவராக நீங்களே முன்மொழியலாம். பலவீனம் செலவு. எண்ணிக்கை குறிக்கப்படாவிட்டால் நடுவர் மூன்று பேர், அவர்களின் கட்டணத்தில் பங்கு, அமர்வுகள் பெரும்பாலும் கொழும்பில். பதுளையிலிருந்து ஒவ்வோர் அமர்வுக்கும் போய் வந்து, சாட்சிக்குப் பம்புக்காரப் பையனையும் கூட்டிப் போனால், சில இலட்சம் ரூபா பிணக்குக்கு இது கட்டாது. உடன்படிக்கை புதுப்பிக்கும்போது "ஒரே நடுவர், அமர்வு கண்டியில்" என்று திருத்திக்கொண்டால் கணக்கு மாறும். தீர்ப்பு கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. தீர்ப்பிலிருந்து 14 நாள் கழிந்த பின் ஓர் ஆண்டுக்குள் மேல் நீதிமன்றத்தில் அதை அமுல்படுத்த விண்ணப்பிக்க வேண்டும். மற்றத் தரப்பு அதைத் தள்ளக் கேட்பதென்றால் 60 நாளுக்குள்.

ஆபத்தான இடைவெளி ஒன்று உண்டு: அறிவித்தல் கிடைத்த நாளுக்கும் நடுத்தீர்ப்பு மன்றம் அமையும் நாளுக்கும் இடையில். மன்றம் அமைந்துவிட்டால் இடைக்கால நடவடிக்கைக்கு உத்தரவிட அதற்கு அதிகாரம் இருக்கிறது. அமையுமுன் பவுசரை நிறுத்திவிட்டால் செட் காய்ந்துவிடும். ஆகவே உடன்படிக்கை முறிவுக் கடிதம் வந்த அதே வாரத்தில் நடுவர் நியமனக் கடிதம் போக வேண்டும்.

மூன்றாவது: மாவட்ட நீதிமன்றமும் கட்டாணையும்

நடுத்தீர்ப்பு வாசகம் இல்லாவிட்டால் இதுவே நேர்வழி. பெரிய தொகை வர்த்தகப் பிணக்குகள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். பிளைண்டோடு (வழக்கைத் தொடங்கும் மனு) சேர்த்து, மறுதரப்பைக் கேளாமலே ஆரம்பத்தில் 14 நாளுக்கு ஒரு கட்டாணை பெறலாம். அதைத் தொடர மூன்று விடயம் காட்ட வேண்டும்: மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கு இருக்கிறது, தடை இல்லாவிட்டால் ஈடுசெய்ய முடியாத பாதிப்பு, வசதிச் சமநிலை உங்கள் பக்கம். முகவர்கள் பெரும்பாலும் தோற்பது இரண்டாவதில். "பணமாக ஈடுசெய்யலாமே" என்று கம்பனிச் சட்டத்தரணி ஒரே வரியில் முடித்துவிடுவார். அதற்குப் பதில் பணக் கணக்கில் இல்லை. அந்த வீதியில் அடுத்த செட் எத்தனை கிலோமீற்றரில், எத்தனை தோட்ட லொறிகள், வைத்தியசாலை அம்பியுலன்ஸ், தனியார் பஸ் இங்கே நிரப்புகின்றன, ஒரு மாதம் மூடினால் அவர்கள் நிரந்தரமாக எங்கே போவார்கள் என்ற சத்தியக்கடதாசியில் இருக்கிறது. மஸ்கெலியாவோ ராகலையோ இதைக் கொழும்பை விட எளிதாகக் காட்டும்.

காலவரையறையைச் சொல்லும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு, தீங்கியல் கோரிக்கைக்கு (ஒப்பந்தத்துக்கு வெளியே இழைத்த தீங்குக்கு) 2 ஆண்டு. "எங்கள் பக்கம் எந்தத் தவறுக்கும் பொறுப்பில்லை" என்று அச்சடித்த வாசகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், ஒரு தரப்பின் அச்சடித்த நிபந்தனையை நியாயமானதா என்று கேள்வி கேட்க இடம் தருகிறது. அமெரிக்கச் சட்டத்தில் உள்ளது போன்ற தண்டனை நட்டஈடு ஒப்பந்த மீறலுக்கு இங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிரூபித்த நட்டமும் வட்டியும்தான்.

நான்காவது: அடிப்படை உரிமை மனு, எழுத்தாணை

இது இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் போன்ற அரச வழங்குநருக்கு எதிராக மட்டும். தனியார் அல்லது வெளிநாட்டு நிறுவனத்துக்கு எதிராக இந்தக் கதவு திறக்காது. ஒரே நிலையில் உள்ள இரண்டு செட்டுகளை வேறு வேறாக நடத்தினார்கள், காரணம் கேட்காமலே முறித்தார்கள் என்றால் 12(1) உறுப்புரையின் சமத்துவம் மீறப்பட்டது என்று 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் நீதியும் நேர்மையுமான எந்த நிவாரணத்தையும் கொடுக்கலாம் என்பதால் நான்கு வழிகளில் இதன் வீச்சுத்தான் பெரிது.

காலம் ஒரு மாதம். கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டும் என்பதை உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆணைக்குழுவின் ஒவ்வொரு அழைப்புக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் எழுத்தாணை, அதாவது அரச அதிகாரியின் தீர்மானத்தை நீக்கவோ கடமையைச் செய்விக்கவோ இடும் ஆணை, இன்னும் குறுகலானது. வெறும் ஒப்பந்த உரிமைக்கு எழுத்தாணை இல்லை என்பது நிலைபெற்ற கோட்பாடு. உரிமப்பத்திரம், ஒழுங்குவிதி போன்ற சட்ட அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டும் இதை நினைக்கலாம். கொமிஷன், அளவு, தாமதம் எல்லாம் இங்கே நிற்காது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை ஐந்தாவது வழியாகச் சொல்வோர் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிக்கும் ஏற்பாடு இருப்பது உண்மை. ஒரு வட்டாரத்தில் இரண்டு வழங்குநர் கூடிப் பேசி ஒரு செட்டைப் பட்டினி போட்டால் அங்கே முறையிடலாம். தனி முகவரின் பிணக்குக்கு அது மெதுவான கதவு. நடைமுறையில் அந்த அதிகார சபையின் சோதனைக் குழு கதவைத் தட்டுவது கம்பனியில் இல்லை, செட்டில்தான்.

ஆறாவது: வழங்குநரை மாற்றுவது

2022 வரை இது பெயருக்கு மட்டும் இருந்த வழி. 2003 முதல் இரண்டே நிறுவனங்கள். 2002 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பெற்றோலியப் பொருட்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் 2022 ஒக்டோபரில் திருத்தப்பட்ட பிறகு கதவு அகலமானது. சினொபெக் 2023 இல் வந்தது, ஆஸ்திரேலியாவின் யுனைட்டட் பெற்றோலியம் 2024 இல், 1960களில் செட்டுகளிலிருந்து மறைந்த ஷெல் சின்னம் 2025 இல். ஆனால் யுனைட்டட் 2025 இலேயே வெளியேறிவிட்டது. புதிய பலகை மாட்டுமுன் இதை நினைவில் வையுங்கள். அமெரிக்க முகவருக்கு இப்படிப்பட்ட விலகலில் 180 நாள் கையில் இருக்கும். இங்கே உடன்படிக்கையில் நீங்கள் எழுதி வாங்கியதுதான் இருக்கும்.

மாறலாமா என்பது காணி யாருடையது என்பதில் தொடங்கும். காணி கூட்டுத்தாபனத்துடையது என்றால் நீங்கள் மாறுவது கிடையாது, காணியோடு நீங்கள் மாற்றப்படுவீர்கள். காணி உங்களுடையது, ஆனால் தாங்கி, பம்பு, கூரை கம்பனியுடையது என்றால் அவற்றைத் தோண்டி எடுத்துப் போகும் உரிமை அவர்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மலைச் சரிவில் தாங்கி தோண்டினால் பின் மதில் சரியும். எஞ்சிய பெறுமதிக்கு வாங்கிக்கொள்ளும் வாசகம் இல்லாவிட்டால் மாறும் செலவே வழக்குச் செலவைத் தாண்டிவிடும். உடன்படிக்கைக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொருவரின் எண்ணெயை ஒரு பவுசர் இறக்கினாலும், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றோடு போய்விடும். காசோலையைத் திருப்பி அனுப்பவிட்டு "நீங்கள் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டேன்" என்று சொல்வதும் அப்படியே. பணம் கட்டாமை எந்த நாட்டிலும் முறிவுக்குச் சரியான காரணம்.

எந்த நிலைக்கு எது

அளவுக் குறைவும் சுருக்கமும்தான் பிணக்கு என்றால் எங்கள் தெரிவு: மூன்று மாத டிப் பதிவு, கடிதம், பிறகு நடுத்தீர்ப்பு. நீதிமன்றம் வேண்டாம். முறிவுக் கடிதம் கையில், வழங்குநர் அரசு என்றால் முதல் மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனு. தவறவிட்டால் கட்டாணை வழக்கு அல்லது நடுத்தீர்ப்பு, உடன்படிக்கை எதைச் சொல்கிறதோ அது. வழங்குநர் தனியார் என்றால் மனுவை மறந்துவிட்டு நேரே இரண்டாவது அல்லது மூன்றாவது. பவுசர் இழுத்தடிப்புக்கு, அரச வழங்குநரிடம் தகவல் கோரிக்கை முதலில். தனியாரிடம் கட்டளை நேரம், பணம் வரவான நேரம், பவுசர் வந்த நேரம் என்ற மூன்று நிரல் கொண்ட பதிவேடு. உடன்படிக்கைக் காலம் ஆறு மாதத்துக்குள் முடிகிறது, காணியும் உங்களுடையது என்றால் வழக்கே வேண்டாம், அந்த ஆறு மாதத்தைப் பேரம் பேசச் செலவிடுங்கள்.

அந்தப் பேரத்தில் ஐந்து வாசகம் கேளுங்கள்: 90 நாள் எழுத்து அறிவித்தல், விலகினால் 180 நாள், 15 பாகைக்குத் திருத்திய அளவு அல்லது மலைக் களஞ்சிய ஏற்றம், விலை குறைந்த இரவில் முந்திய 48 மணித்தியாலத்துக்குள் அவர்களாக அனுப்பிய எண்ணெய்க்கு வித்தியாசத்தை ஈடுசெய்தல், ஒரே நடுவர் கண்டியில். ஐந்தும் கிடைக்காது. ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் 180 நாளை விடுங்கள், வெப்பநிலையை விடாதீர்கள். பலகை மாறும் நாளில் பழைய நிறுவனத்தின் ஆள் முன்னிலையில் ஒவ்வொரு தாங்கிக்கும் டிப், பாகை, பம்பு மீற்றர் வாசிப்பு எடுத்து இருவரும் கையெழுத்திட்ட தாளில் மூன்று பிரதி: ஒன்று அவர்களுக்கு, ஒன்று புதியவர்களுக்கு, ஒன்று உங்கள் கோவைக்கு.